காசியம்மாளும் தேவநாதன் கோப்பையும்

காசியம்மாள் கால்பந்து மைதானத்துக்கு முதன்முதலில் போனது ஆட்டம் பார்க்க அல்ல, தம்பியை அடிக்க.

மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு கடலோரக் குப்பம் அவளுடையது. புருஷன் தெய்வசிகாமணி கடலுக்குப் போகிறவன். அவன் கொண்டுவருவதில் விற்றதுபோக மிஞ்சியதையும், அக்கம்பக்கத்தில் வாங்கியதையும் உப்புப் போட்டு உலர்த்தி, கூடையில் அடுக்கிக்கொண்டு திண்டிவனம் மார்க்கெட்டுக்கு வருவாள். உட்கார ஒரு சாக்கு, வெயிலுக்குக் கிழிந்த குடை ஒன்று, இவ்வளவுதான் கடை. மூட்டை தூக்கத் தம்பி அரசப்பனைக் கூட்டிக்கொண்டு வருவாள். அவனோ ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் காணாமல் போய்விடுவான். எண்பத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில் ஒருநாள், தூக்கி ஓரமாக வைக்க ஆளில்லாமல் ஒரு மூட்டை நெத்திலி மழையில் நனைந்து வீணாய்ப் போனது. அவள் விசாரித்துக்கொண்டே, காலில் கிடந்ததைக் கையில் எடுத்துக்கொண்டு, ஏரிக்கரைக்குக் கீழே இருந்த மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அந்த நேரம் பார்த்து, பந்தோடு ஓடிக்கொண்டிருந்த அரசப்பனின் காலை எதிர் டீம்காரன் ஒருவன் வாரிவிட்டான். அரசப்பன் சேற்றில் முகம் குப்புற விழுந்தான். ரெஃபரி விசில் ஊதவில்லை.

"யோவ்! கண்ணு இருக்குதா, இல்ல அவிச்சித் துன்னுட்டியா? புள்ளையக் காலொடிச்சிப் போட்டுட்டான், நீ வேடிக்க பாத்துக்கினு நிக்கிறே!"

தம்பியை அடிக்கப் போனவள் ரெஃபரியை அடிக்கப் போனாள். ஐந்தாறு பேர் சேர்ந்து அவளைப் பிடித்துக் கரையில் உட்கார வைத்தார்கள். அன்று ஆட்டம் முடியும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. அடுத்த ஞாயிறு அவளே கடையைச் சீக்கிரம் கட்டினாள்.

மார்க்கெட்டில் சிரித்துப் பேசினால்தான் கருவாடு விற்கும். வீட்டில் கத்தினால் தெய்வசிகாமணி பதில் சொல்லாமல் திரும்பிப் படுத்துக்கொள்வான். மைதானத்தில்தான் அவள் கத்தினால் ஊரே திரும்பிப் பார்த்தது. எதிர் டீம், ரெஃபரி, கொடி பிடிக்கிறவன், சொந்த டீமின் கோல்கீப்பர், யாரையும் அவள் விட்டுவைத்ததில்லை. விழுப்புரம் காலனி டீம் வந்தால் தனி உற்சாகம். ரயில்வே வேலைக்காரர்களின் பிள்ளைகள், நல்ல பனியன் போட்டு வருவார்கள். "இஞ்சின் தள்ற பசங்களா, பந்து தள்ளத் தெரியுமாடா?" என்று அவள் ஆரம்பித்தால் கரை முழுக்கச் சிரிக்கும். விழுப்புரத்துக்காரர்களும் சிரிப்பார்கள்.

அந்தக் கரைதான் அரசப்பன் ஆடிய ஏரிக்கரை வாலிபர் குழுவுக்கு எல்லாம். சரிவில் துண்டை விரித்து உட்கார்ந்தால் மைதானம் முழுக்கத் தெரியும். மூட்டை தூக்குகிறவர்கள், லாரி ஷெட்டுக்காரர்கள், பெருமுக்கல் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருகிற விவசாயிகள் எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள். டிக்கெட் கிடையாது. பாதி ஆட்டத்தில் காசியம்மாள் கூடை மூடியை ஏந்திக்கொண்டு கரையில் ஒரு சுற்று வருவாள். போடாதவனைப் பேர் சொல்லித் திட்டுவாள். விழுந்த சில்லறையில் ஆடுகிறவர்களுக்குச் சோடா, பஸ் சார்ஜ், பந்துக்குப் புது பிளாடர். செயலாளர் மாசிலாமணி சைக்கிள் கடை வைத்திருந்தவர். பஞ்சர் ஒட்டுகிற கையாலேயே பந்தும் தைத்துவிடுவார். வெறுங்காலோடு ஆடுகிற டீம்தான். ஆனாலும் சுற்றுவட்டாரத்தில் பயப்படுவார்கள்.

எண்பத்தாறில் உலகக் கோப்பை டிவியில் வந்தது. அப்போது திண்டிவனத்தில் புதிதாய் டிவி கடை போட்டிருந்தவர் தேவநாதன். கடை வாசலில் கலர் டிவி ஒன்றைத் தூக்கி வைத்து, மாடியில் தென்னைமர உயரத்துக்கு ஏரியல் நட்டு, பூஸ்டர் போட்டுப் படம் வரவைத்தார். நடுராத்திரி ஆட்டத்துக்குக்கூட ரோட்டை அடைத்துக்கொண்டு கூட்டம் நின்றது. அந்த ஒரு மாதத்தில் விற்ற டிவிகளைப் போல அவர் அதற்கு முன்னால் விற்றதில்லை. பந்துக்கும் டிவிக்கும் இருக்கிற உறவு அவருக்குப் புரிந்துபோனது.

ஆடி மாதம் அவர் ஏரிக்கரை வாலிபர் குழுவுக்குத் தலைவர் ஆனார். எல்லாருக்கும் ஷூ வந்தது. முதுகில் கடைப் பெயர் எழுதிய மஞ்சள் பனியன் வந்தது. பயிற்சி முடிந்தால் முட்டையும் பாலும் வந்தன. அரசப்பனுக்குக் கடையிலேயே வேலை கிடைத்தது, வீடு வீடாகப் போய்க் கூரை ஏறி ஏரியல் கட்டுகிற வேலை. மாதச் சம்பளம். கருவாட்டு மூட்டையைத் தொடவேண்டியதில்லை.

காசியம்மாளுக்கும் முதலில் சந்தோஷம்தான். தம்பி ஷூ போட்டு ஓடுவதைப் பார்த்து, "பாருடா, தொரை மாதிரி இருக்கான்" என்றாள். அன்றைக்கும் பாதி ஆட்டத்தில் கூடை மூடியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நாற்காலியில் இருந்த தேவநாதன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"யம்மா, வேணாம். இனிமே இந்தப் பிச்சையெல்லாம் நம்ம டீமுக்குத் தேவையில்ல. நான் இருக்கிறேன்."

"பிச்சையா? இத்தினி நாளு இவங்க குடிச்ச சோடா எல்லாம் பிச்சையா?"

"ஏம்மா, நல்லதுக்குச் சொன்னா கத்துறியே. போய் உக்காரு."

கரையில் பாதிப்பேர், காசு மிச்சம் என்று சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. காசு போட்டவன் டீமைத் திட்டலாம், ஜெயித்தால் தோளில் கைபோடலாம். இனிமேல் இந்த மனுஷன் கொடுக்கிறதை வேடிக்கை பார்க்கிற ஆளாகத்தான் கரை இருக்கும் என்று அவளுக்குப் பட்டது. அதை யாரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. திரும்பி வந்து ரெஃபரியைத் திட்டினாள்.

மறுவருஷம் பங்குனியில் தேவநாதன் கோப்பை அறிவிக்கப்பட்டது. கடைசி ஆட்டத்துக்கு ஏரிக்கரை டீமும் விழுப்புரம் காலனி டீமும் வந்து நின்றன. அப்போதுதான் தேவநாதன் அந்தச் சேதியை ஊருக்குள் விட்டார். ஆட்டத்தைப் படம் பிடிக்க டிவிக்காரர்கள் வருகிறார்கள், மெட்ராஸ் முழுக்கத் தெரியும், தமிழ்நாடு முழுக்கத் தெரியும்.

கடைக்காரர்கள் பறந்தார்கள். மைதானத்தைச் சுற்றித் தங்கள் பெயர்ப்பலகை நிற்கவேண்டும் என்று ஆளுக்கு ஆள் பணத்தை நீட்டினார்கள். எல்லாரையும்விடப் பெரிய பலகை, மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்த கண்ணையனுடையது. கோல் கம்பத்துக்குப் பின்னாலேயே இடம் பிடித்துவிட்டார். வந்த பணத்தில் தேவநாதன் மெட்ராஸிலிருந்து இரண்டு ஆட்டக்காரர்களை வரவழைத்தார். அதில் ஒருவன் இடது ஓரம் ஆடுகிறவன். அது அரசப்பனின் இடம்.

கேமராவுக்கு நல்ல வெளிச்சம் வேண்டுமாம், கேமராக்காரர்களுக்கும் புதன்கிழமைதான் ஒழிவாம். அதனால் ஞாயிறு சாயங்காலம் என்று இருந்த ஆட்டம் புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு மாறியது. சித்திரை வெயில். கிராமங்களில் மல்லாட்டை பிடுங்குகிற நேரம். கூலிக்குப் போகிறவனுக்குப் புதன்கிழமை ஏது ஆட்டம்? அதோடு நிற்கவில்லை. ஏரிக்கரை நெடுக மூங்கில் நட்டு ஓலைத் தட்டி கட்டினார்கள். இனி உள்ளே வர டிக்கெட். மைதானத்து ஓரத்தில் ஷாமியானா, விருந்தாளிகளுக்கு நாற்காலி.

தட்டி கட்டுவதைப் பார்த்த அன்றைக்கே காசியம்மாள் மார்க்கெட்டிலிருந்து கூடையோடு நேராகக் கடைக்குப் போனாள். தேவநாதன் யாருக்கோ டிவி காட்டிக்கொண்டிருந்தார். அரசப்பன் மூலையில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தான்.

"மொதலாளி, கரைய அடைச்சிட்டீங்களே, நாங்க எங்க உக்காருறது?"

"டிக்கெட் வாங்கிக்கினு வா. யாரு வேணாம்னாங்க?"

"என்னிக்கும் இல்லாத டிக்கெட்டு இன்னாத்துக்கு? பலகைக்காரங்ககிட்ட வாங்கினது பத்தலியா?"

தேவநாதன் முகத்தில் இருந்த வியாபாரச் சிரிப்பு போய்விட்டது. "இந்தாம்மா. டிக்கெட் வாங்கினாலும் நீ வரக்கூடாது. மைக்கெல்லாம் வெச்சிருப்பாங்க. உன் வாயி டிவில வந்துச்சின்னா நம்ம ஊரு மானமே போயிடும். மொதல்ல அந்தக் கூடைய வெளிய வை, கஸ்டமர் நிக்கறாங்க இல்ல?"

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய் அரசு, கேட்டுக்கினுதானே இருக்கே?"

"யக்கா, நீ போ. அப்புறம் பேசிக்கலாம்."

"உன் எடத்த எவனுக்கோ குடுத்துட்டாங்க. என் எடத்துக்குத் தட்டி கட்டிட்டாங்க. அப்புறம் இன்னாடா பேசறது?"

"ரெண்டாவது பாதில எறக்கறேன்னு சொல்லியிருக்கார்க்கா. பேஜாரு பண்ணாத. வேலை போயிடும்."

"அப்படியா? அப்போ அவரு ஏரியலயே புடிச்சிக்கினு தொங்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். ஊரே பயப்படுகிற வாய், தம்பியின் குனிந்த தலையைப் பார்த்ததும் அதற்குமேல் அடைத்துப்போய்விட்டது.

ஆனால் மறுநாளே அது திறந்துகொண்டது. மார்க்கெட், லாரி ஷெட், வண்டிக்கார ஸ்டாண்டு என்று ஒரு இடம் விடாமல் போனாள். "டிக்கெட் வாங்கறவன் எவனா இருந்தாலும் எங்கிட்ட கருவாடு வாங்க வந்துடாதீங்க" என்றாள். "நாம போட்ட காசுல வளந்த டீம்யா அது. நம்மகிட்டயே வித்துக் காட்றான்." பலரும் தலையாட்டினார்கள். எப்படியும் புதன்கிழமை வேலையை விட்டுவிட்டு வரமுடியாதவர்கள் அவர்கள். தலையாட்டுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

அந்தப் புதன்கிழமை மத்தியானம் காசியம்மாள் தட்டிக்கு வெளியே, வாசலுக்கு நேராக வந்து நின்றாள். கைவேலையை முடித்தவர்கள், முடிக்காமல் வந்தவர்கள் என்று ஒரு கூட்டம் அங்கே சேர்ந்திருந்தது. யாரும் டிக்கெட் வாங்கவில்லை, யாரும் போய்விடவும் இல்லை. முன்கண்ணாடியில் 'டிவி' என்று பெரிதாய் எழுதி ஒட்டிய வேன் ஒன்று வந்து நின்றது. தோளில் கேமராவோடு இறங்கிய இளைஞன் சோடாக் கடைக்கு வந்தான். காசியம்மாள் அவனை நெருங்கினாள்.

"தம்பி, இது எந்த நாளு டிவில வரும்?"

அவன் சோடாவை முடித்துவிட்டுச் சிரித்தான். "டிவில எங்கம்மா வரப்போவுது? நாங்க பாண்டிலேர்ந்து வர்றோம். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாத்துக்கும் வீடியோ எடுப்போம். இவரு பந்து வெளயாட்டு எடுக்கணும்னாரு, வந்தோம்."

"வண்டில டிவின்னு எழுதியிருக்குது?"

"அது அவரு ஒட்டச் சொன்னது."

காசியம்மாள் சுற்றிப் பார்த்தாள். பக்கத்தில் நூறு பேர் நிற்கிறார்கள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த இடத்திலேயே தேவநாதன் கதை முடிந்துவிடும். ஆனால் உள்ளே பெஞ்சில் தம்பி உட்கார்ந்திருக்கிறான். அவன் சம்பளம், அவன் ஷூ, இரண்டாம் பாதியில் இறக்குவதாகச் சொன்ன வார்த்தை எல்லாம் அந்த ஆள் கையில் இருக்கின்றன. பிறந்ததிலிருந்து அடக்காத வாயை அன்று அவள் அடக்கினாள்.

ஆட்டம் ஆரம்பித்துச் சிறிது நேரத்தில் மாசிலாமணி வியர்க்க விறுவிறுக்க வெளியே ஓடிவந்தார். ஷாமியானா நிறைந்திருந்தது. ஆனால் கேமராவுக்கு நேர் எதிரே இருந்த கரை, ஓலைத் தட்டியும் வெறும் மண்ணுமாக மொட்டையாய்க் கிடந்தது.

"எல்லாரும் உள்ள வாங்க! ஜல்தி வாங்க! டிக்கெட் வேணாம், சும்மா வாங்க. கரைல போயி உக்காந்து நல்லா கை தட்டணும், தெரியுதா?"

காசியம்மாள் வாசலை மறித்து நின்றாள். "போவாதீங்கடா. நேத்து வரைக்கும் நாம வேணாம், இன்னிக்கி கரையில வெக்கற பொம்மைக்கு மட்டும் நாம வேணுமா?"

ஒரு நொடி எல்லாரும் நின்றார்கள். உள்ளேயிருந்து ஒரு பெரிய 'ஓ' சத்தம் கேட்டது. யாரோ கோல் அருகே போய்விட்டார்கள் போல. அவ்வளவுதான், வண்டிக்காரன் ஒருவன் அவள் கைக்கு அடியில் புகுந்து ஓடினான். பின்னாலேயே கூட்டம் மொத்தமும் அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு போனது. அவளிடம் தலையாட்டியவர்களும் அதில் இருந்தார்கள். அவள் தூசியில் தனியாக நின்றாள். மாசிலாமணி அவள் முகத்தைப் பார்க்காமல், "நீயும் வாம்மா, கடைசில ஓரமா உக்காந்துக்கோ, வாய மட்டும் தொறக்காத" என்றார். அவளும் போனாள். அதற்காக அவள் பிறகு தன்னையே திட்டிக்கொண்டாள்.

விழுப்புரம் ஒரு கோல் போட்டிருந்தது. மெட்ராஸிலிருந்து வந்தவன் இடது ஓரத்தில் மெதுவாக, காலுக்கு அடிபடாமல் பார்த்துப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தான். அவனுக்கு அடுத்த வாரம் அவன் ஊரில் வேறு ஆட்டம் இருந்திருக்கும். அவனைத் திட்ட ஆயிரம் வார்த்தை காசியம்மாள் தொண்டைவரை வந்தன. விழுங்கினாள்.

பாதி ஆட்டத்துக்குப் பிறகு அரசப்பன் இறங்கினான். வெயிலில் மற்றவர்கள் தளர்ந்திருந்தார்கள், அவன் புதிதாய் ஓடினான். இடது ஓரத்தில் பந்தை வாங்கி, இரண்டு பேரைச் சுற்றிவந்து, கோணத்திலிருந்து ஒரே அடி. விழுப்புரம் கோல்கீப்பர் பாய்ந்தும் விரல் படவில்லை. கரை எழுந்து குதித்தது. காசியம்மாள் தன்னை மறந்து கத்தினாள். பக்கத்தில் இருந்தவனின் தலைத்துண்டைப் பிடுங்கி மேலே வீசினாள்.

அப்போதுதான் தேவநாதன் கையில் மைக்கோடு மைதானத்துக்குள் ஓடினார்.

"ஒரு நிமிஷம்! எல்லாரும் அப்படி அப்படியே நில்லுங்க! கேமராவுல கேசட் மாத்திக்கினு இருந்தாங்க. கோல் விழுந்தது வரல. அரசு, இன்னொரு வாட்டி அடிப்பா."

ரெஃபரி கடலூர்க்காரர். "இதெல்லாம் முடியாதுங்க" என்று ஆரம்பித்தார். தேவநாதன் அவர் தோளில் கைபோட்டு ஓரமாய்க் கூட்டிப்போய் ஏதோ சொன்னார். ரெஃபரி வாட்சைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். விழுப்புரம் கோல்கீப்பர் மட்டும் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான்.

"நான் ஒரு வாட்டிதான் கோல் வாங்குவேன். ரெண்டாவது வாட்டிக்கு உங்க ஆளையே நிக்க வெச்சிக்குங்க."

அப்படியே செய்தார்கள். ஏரிக்கரை டீமின் உபரி கோல்கீப்பரை, அதே மஞ்சள் பனியனோடு, எதிர்ப்பக்கக் கோலில் நிறுத்தினார்கள். பந்து ஒரு பக்கம் வரும், நீ இன்னொரு பக்கம் விழவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். கரையில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அரசப்பன் பந்தை வைத்து அடித்தான். அது கம்பத்துக்கு மேலே போனது.

"பரவால்ல, இன்னொண்ணு" என்றார் தேவநாதன் மைக்கில். "இந்த வாட்டி பாத்து அடி. அடிச்சிட்டு ரெண்டு கையும் தூக்கிக்கினு கேமரா பக்கமா ஓடி வா. சிரிச்சிக்கினு வாடா, எழவு வூட்டுக்குப் போற மாதிரி வராத."

அரசப்பன் மறுபடி பந்தை வைத்தான். அடித்தான். பந்து உள்ளே போனது. அவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு, கேமராவைப் பார்த்து ஓடினான். அந்தச் சிரிப்பைத்தான் காசியம்மாளால் தாங்கமுடியவில்லை. இவ்வளவு நேரம் இந்தச் சிரிப்புக்காகவா வாயை மூடிக்கொண்டிருந்தோம் என்று நெஞ்சு எரிந்தது. கரையிலிருந்து சறுக்கிக்கொண்டு இறங்கி நேராக மைதானத்துக்கு நடுவில் போய் நின்றாள்.

"டேய் அரசு! கைய எறக்குடா! வெக்கங்கெட்டவனே, நீ போட்ட கோலுக்கு நீயே வேஷம் போடறியா?" பிறகு ஷாமியானா பக்கம் திரும்பினாள். "கண்ணையன் மொதலாளி! உங்க பலகை தமிழ்நாடு பூரா தெரியும்னு காசு குடுத்தீங்களே, எந்தக் கல்யாண மண்டபத்துல தெரியப்போவுதுன்னு அந்தக் கேமராப் பையனக் கேளுங்க. டிவியுமில்ல ஒண்ணுமில்ல. பாண்டிலேர்ந்து வந்த காதுகுத்து வீடியோ!"

மைக்கில் எல்லாம் விழுந்தது. கண்ணையன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். கேமராக்காரனிடம் கேட்டார். அவன் ஒளிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை, ஆமாம் என்றான். அதற்கப்புறம் யார் யாரை அடித்தார்கள் என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. கடைக்காரர்கள் பலகைகளைப் பிடுங்கினார்கள். தேவநாதனின் வெள்ளைச் சட்டை தோளோடு கிழிந்தது. தட்டிகள் சரிந்தன. விழுப்புரத்துக்காரர்கள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸைப் பார்த்துப் போனார்கள். ஆட்டம் முடியவே இல்லை.

காசியம்மாளை யாரும் தோளில் தூக்கவில்லை. "நல்லாப் போய்க்கினு இருந்த மேட்ச்ச கெடுத்துட்டியே" என்று வண்டிக்காரன் ஒருவன் காறித் துப்பினான். அரசப்பன் ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றான்.

"உனக்கு இப்போ குளுந்துச்சா?"

"பின்ன? அந்தாளு சிரின்னா சிரிப்பியா நீ?"

"நான் சிரிச்சா உனக்கின்னா நஷ்டம்? மொத கோல் நெஜமான கோல்தானே. அத்த நீ பாத்த இல்ல, ஊரு பாத்துது இல்ல. இப்போ அதுவும் இல்லாம பண்ணிட்ட."

அவன் அன்று குப்பத்துக்கு வரவில்லை.

தேவநாதன் ஒழிந்துபோவார் என்றுதான் அவள் நினைத்தாள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கடைக்காரர்களுக்குப் பாதியைக் கொடுத்தார், மீதிக்கு ஆளுக்கொரு டிவியைத் தவணையில் தள்ளிவிட்டார். கண்ணையன் வீட்டு மாடியில்தான் ஊரிலேயே உயரமான ஏரியல் நின்றது. ஷூவையும் பனியனையும் திருப்பி வாங்கிக்கொண்டு டீமைக் கைகழுவினார். மாசிலாமணி மறுபடி கரையைக் கூட்டிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் சினிமா. வரவேண்டியவர்கள் வரவில்லை.

அந்த கேசட்டைத் தேவநாதன் வீணாக்கவும் இல்லை. கடை வாசல் டிவியில் தினமும் சாயங்காலம் போட்டார். காசியம்மாள் இறங்கிவருவதற்கு முன்னாலேயே படம் நின்றுவிடும்படி வெட்டியிருந்தார். கூட்டம் கூடியது. "தோ, அது நான்தான்!" "தோ பாரு, எம் மச்சான்!" என்று கரையில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் தங்களைத் தாங்களே விரல் நீட்டிக் காட்டிக்கொண்டார்கள்.

ஒருநாள் அவளும் போய்ப் பின்னால் நின்று பார்த்தாள். தம்பி அடிக்கிறான், மஞ்சள் பனியன் போட்டவன் வேண்டுமென்றே தப்பான பக்கம் விழுகிறான், தம்பி கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறான். எவ்வளவு கிட்டத்தில் வருகிறது அவன் முகம்!

"இன்னா கோலு! உன் தம்பிதானேம்மா?" என்று ஒருவன் கேட்டான். அவன் அன்றைக்கு மைதானத்துக்கு வராதவன்.

"அது கோல் இல்ல" என்றாள். "அதுக்கு முந்தி ஒண்ணு போட்டான். அதுதான் கோல்."

அவன் திரும்பி டிவியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். கடைக்குள்ளிருந்து அரசப்பன் தோளில் ஏரியல் கம்பியோடு வெளியே வந்தான். தேவநாதன் அவனை வேலைக்குத் திரும்பச் சேர்த்துக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கேசட்டில் வருகிற ஆள் கடையில் இருந்தால் வியாபாரத்துக்கு நல்லதுதானே. அவன் அவளைப் பார்த்தான், சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

அக்காவும் தம்பியும் அதற்குப் பிறகு பேசிக்கொண்டது கூட்டேரிப்பட்டு பஸ் ஸ்டாப்பில். சாப்பாட்டுக் கடை ஒன்றுக்குக் கருவாடு கொடுத்துவிட்டு அவள் நின்றிருந்தாள். அவன் எதிர்ப்பக்கம் விழுப்புரம் பஸ்ஸுக்கு நின்றிருந்தான். தோளில் ஒரு பை, பைக்குள்ளிருந்து புது ஷூவின் முனை தெரிந்தது. அவள்தான் ரோட்டைக் கடந்து போனாள்.

"எங்க போற?"

"காலனி டீம்ல கூப்ட்டாங்க. ஞாயித்துக்கெழம மட்டும்."

"வெக்கமா இல்ல? அவனுங்ககூட சேந்து எங்களுக்கு எதிரா ஆடப் போறியா?"

"எங்களுக்குன்னா யாருக்குக்கா? டீமே இல்ல. யாருக்கு எதிரா நான் ஆடறது?"

"அதான் நான் கெடுத்துட்டேன்னு சொல்லிக்கினு திரியறியே. ஆமா, நான்தான் கத்தினேன். திரும்ப அந்த மாதிரி நின்னு பல்லக் காட்டினா திரும்பவும் கத்துவேன்."

"கத்து. உனக்கு வேற இன்னா தெரியும்?"

விழுப்புரம் பஸ் வந்தது. அவன் ஏறிவிட்டான். அவள் அவனைப் பேர் சொல்லித் திட்டியதை பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள்.

அவன் விழுப்புரத்துக்கு ஆடிய இரண்டு வருஷமும் அவள் ஒரு ஆட்டத்துக்குக்கூடப் போகவில்லை. தெய்வசிகாமணியே ஒருமுறை, "ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாயேன்" என்றான். அவன் தானாகப் பேசுவதே அபூர்வம். அவள் அவன்மேல் பாய்ந்தாள். ஆனால் திங்கட்கிழமை காலையில் விழுப்புரத்திலிருந்து வருகிற கண்டக்டர்களிடம், சம்பந்தமே இல்லாதவள் போல, நேற்று என்ன ஆச்சு என்று கேட்பாள். விழுப்புரம் தோற்றது என்றால், "நல்லா வேணும் இஞ்சின்காரனுங்களுக்கு" என்பாள். அரசப்பன் கோல் போட்டான் என்றால் எதுவும் சொல்லாமல் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்வாள். ஒரு திங்கட்கிழமை, அரசப்பன் இரண்டு கோல் போட்டும் விழுப்புரம் தோற்றுவிட்டது என்று கண்டக்டர் சொன்னார். அவள் மறுபடி ஒருமுறை சொல்லச்சொல்லிக் கேட்டாள். அன்று மார்க்கெட்டில் பேரம் பேசியவர்களுக்கெல்லாம் கேட்ட விலைக்கே கொடுத்தாள்.